வாச்சாத்தி வழக்கும் வழக்கறிஞர் சங்கங்களின் கடமையும்

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி குமரகுரு அறிவித்தார். அவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக மட்டும் 17 பேர் தண்டனை பெற்றார்கள். 1992 ஜூன் 20 அன்று நடந்த கொடுமைக்குத் தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின.

சந்தனக் கட்டை தேடப் போனோம் என்றது அரசு. சித்தேரி மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் இந்த அவையில் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த 19 ஆண்டுகளைப் பற்றி, அதிலும் வழக்கறிஞர்களைப் பற்றி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருந்தது. வாச்சாத்திக்குள் வண்டிகள் நுழைந்தபோது அதற்கு வயது இரண்டரைகூட ஆகவில்லை. சட்டம் இருந்தது, அதைக் கையிலெடுத்துச் செல்ல ஆள் வேண்டியிருந்தது. புகாரைப் பதிவு செய்ய வேண்டிய காவல்துறையே குற்றவாளித் தரப்பில் நின்றது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் செய்தியை வெளியே கொண்டுவந்தன. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் பாமதி நேரில் போய் விசாரித்து அறிக்கை தந்தார். நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது. மூன்று ஆண்டுகள் இதற்கே போயின.

அதற்குப் பிறகுதான் கடினமான வேலை. விசாரணை நீதிமன்றத்தில் நடப்பது மேடையில் பேசப்படுவதில்லை. உயர் நீதிமன்றத்தின் பெருந்தீர்ப்புகளை நாம் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அந்தத் தீர்ப்புகள் நிற்கிற மண், கீழமை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம். படிக்காத ஒரு பெண் கூண்டில் ஏறுகிறாள். எதிர்த் தரப்பு வழக்கறிஞர், அன்று மணி என்ன, இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது, முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் ஏன் மாறுதல் என்று துருவுகிறார். தகாத கேள்விக்கு எழுந்து ஆட்சேபிக்கத் தெரிந்த வழக்கறிஞர் அவள் பக்கம் இருந்தாரா என்பதில் வழக்கின் பாதி அடங்கிவிடும்.

அம்பேத்கர் இதை நன்கு அறிந்தவர். மகாத் குளத்துப் போராட்டம் 1927-இல் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குளத்துக்காகச் சாதி இந்துக்கள் தொடுத்த உரிமையியல் வழக்கு 1937 மார்ச் வரை இழுத்ததை அதிகம் பேசுவதில்லை. குளம் தங்களுக்கு மட்டுமே என்ற வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததாக எதிர்த் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதன்மேல்தான் நின்றது. மகாத்தின் சின்ன நீதிமன்றத்தில் பதிவான சாட்சியமே பத்தாண்டு கழித்துக் கைகொடுத்தது.

இனிச் சங்கங்களுக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சட்டச் சீர்திருத்தத்தை முன்னெடுப்பதும், சட்டம் குறித்துக் கருத்தரங்குகள் நடத்துவதும், ஏழைகளுக்குச் சட்ட உதவி ஏற்பாடு செய்வதும் மாநில பார் கவுன்சிலின் பணிகள் என்று எழுதியே வைத்திருக்கிறது. சங்கங்கள் சீர்திருத்தத்துக்காக வழக்காடத் தெரியாதவையும் அல்ல. தீர்ப்பாயங்களின் சுதந்திரத்துக்காக மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்குகளில் 2010, 2014, 2020, 2021 என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரிசையாக வந்தன. அது மதிக்கத்தக்க வேலை. அதே முனைப்பு வன்கொடுமை வழக்குகளின் சிறப்பு நீதிமன்றங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது நம் உரிமை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் உரிமைகளுக்கென்றே தனி அத்தியாயம் சேர்ந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதற்காக அலைந்தவர்கள் பெரும்பாலும் இயக்கத்தார்.

அமெரிக்காவின் வரலாறு இங்கே உதவும். அங்கே பெரிய வழக்கறிஞர் சங்கம் கறுப்பின வழக்கறிஞர்களுக்கு நெடுங்காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. அவர்கள் 1925-இல் அயோவா மாநிலத்தில் கூடி தேசிய வழக்கறிஞர் சங்கத்தைத் தாங்களே தொடங்கினார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சார்ல்ஸ் ஹூஸ்டன் மாணவர்களைக் கசக்கிப் பிழிந்து பயிற்றுவித்தார். அவரிடம் படித்த தர்குட் மார்ஷல் 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினைக்கு எதிரான தீர்ப்பைப் பெற்றார். பயிற்சியும் சட்ட மாற்றமும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்தன.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் வாய்தா நாளில் நீதிமன்றப் புறக்கணிப்பு என்று வந்து பார்த்த பிறகே தெரிந்து, கூலியை விட்டு முதல் பஸ்ஸில் வந்த சாட்சிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். அன்று சங்கத்தில் கைதூக்கியவர்களில் நம் நண்பர்களும் இருந்தார்கள். அடுத்த வாய்தாவுக்கு ஒரு சாட்சி வரவில்லை.

வாச்சாத்தித் தீர்ப்பு வந்து பதினான்கு மாதத்துக்குள், 2012 நவம்பர் 7 அன்று, இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. திரும்பவும் அதே சட்டம், அதே தேவை. பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் தேர்ந்த மூத்த வழக்கறிஞரை அரசுத் தரப்பில் அமர்த்த ஆட்சியருக்கு 1995 விதிகளில் 4-ஆம் விதி இடம் தருகிறது. இந்த விதியைக் கேட்டு மனு எழுதத் தெரிந்த ஜூனியர்கள் நம் தாலுகாக்களில் எத்தனை பேர்?

2023 மார்ச்சில் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29 அன்று, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே தேதியில், எல்லாத் தண்டனைகளையும் உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். முப்பது ஆண்டு வழக்கைத் தாங்கி நின்றது அந்தப் பெண்கள் கூண்டில் சொன்ன வார்த்தைதான்.

தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். மாவட்டத்தின் வழக்கறிஞர் சங்கங்களுக்கு நம் அமைப்பு கடிதம் எழுதுகிறது: மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கட்டணம் இல்லாமல், சாட்சி விசாரணைப் பயிற்சி. மூத்தவர்கள் வந்து சொல்லித்தரட்டும். கல்லூரி மாணவர்களும் உட்காரட்டும். முதல் மாலை வாச்சாத்தித் தீர்ப்பைப் படிக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். இடமும் நாற்காலியும் நம் பொறுப்பு.