அரபுத்தமிழ்

அரபுத்தமிழ் என்பது தமிழ் முஸ்லிம்கள் தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதுவதற்கு வகுத்துக்கொண்ட முறையும், அம்முறையில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த நூல் மரபும் ஆகும். அறிஞர்கள் இதை அர்வி என்றும் வழங்குவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சுவாகிலி மொழி வளர்வதற்குத் துணைநின்ற இந்தியப் பெருங்கடல் வணிகமே சோழமண்டலக் கரையில் இதற்கும் வழிவகுத்தது. காவிரிப் படுகையின் நெல்லையும் நெசவுத் துணியையும் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் துறைகளில் ஏற்றி, இலங்கைக்கும் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கப்பல் செலுத்திய மரக்காயர்களும், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களும் வீட்டில் தமிழே பேசினர். ஆனால் குர்ஆன் ஓதுவதற்காகச் சிறுவயதிலேயே அரபு எழுத்தைக் கற்றனர்.

இவ்விரண்டையும் இணைத்ததில்தான் முன்னோரின் நுட்பம் வெளிப்படுகிறது. ட, ண, ள, ழ, ங, ஞ, ப முதலிய ஒலிகளுக்கு அரபில் எழுத்தில்லை. எகர ஒகர உயிர்களுக்கும் குறியில்லை. எனவே இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளி சேர்த்தும் புதிய உயிர்க்குறிகள் அமைத்தும் அக்குறையை நிரப்பினர். சொல்வளத்தில் அரபு மிகுந்தாலும் இலக்கணம் தமிழாகவே நின்றது: 'நிய்யத்து செய்து', 'துஆவை' என அரபுப் பெயர்கள் தமிழ் வினையையும் வேற்றுமை உருபையும் ஏற்றன, தொழுகை, நோன்பு போன்ற தமிழ்ச் சொற்களோ சமய வழக்கில் அப்படியே நிலைத்தன.

இம்மரபின் புலமை மையங்கள் படுகைக்குத் தெற்கே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அமைந்திருந்தன. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) சமயச் சட்டத்தை எளிய நடையில் விளக்கி இயற்றிய 'மகானி' தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாகப் பயிலப்பட்டது. தமிழ் எழுத்துப் பயிலாத பெண்கள்கூட ஓதக் கற்றிருந்தமையால் இத்தகைய நூல்களைத் தாமே வாசித்தனர் என்பது இம்மரபின் தலையாய சிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபோது, கூடுதல் எழுத்துகளுக்குத் தனி அச்சு வார்க்காமல் கையெழுத்தையே படியெடுக்க முடிந்ததால் நூல்கள் பெருகின.

பாந்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சுவாகிலியும் முதலில் அரபு எழுத்திலேயே எழுதப்பட்டது. கில்வாவிலிருந்து 1711இல் எழுதப்பட்ட சுவாகிலிக் கடிதங்கள் கோவா ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல தாய்மொழியினரிடையே அது பொதுமொழியாகப் பரவியதால், 1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சான்சிபார் வழக்கைப் பொதுவழக்காக ஏற்றது. அதற்குள் இலத்தீன் எழுத்தும் வேரூன்றியிருந்தது. அரபுத்தமிழுக்கு அத்தகைய தேவை எழவில்லை. சுற்றிலும் பேசப்பட்டது தமிழே. அதற்குத் தனி எழுத்தும் பழம்பெரும் இலக்கியமும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வியும் தமிழ் அச்சும் பரவ, அரபுத்தமிழில் புதிய நூல்கள் எழுதுவது அருகியது. இன்று அந்நூல்கள் சில தமிழ் எழுத்துக்குப் பெயர்த்துப் பதிப்பிக்கப்படுகின்றன. மூலத்தைத் தடையின்றி வாசிக்க வல்ல ஆலிம்களும் முதியவர்களும் இருக்கும்போதே எஞ்சியவற்றையும் பெயர்த்தெழுதுவது அவசரப் பணியாகும்.