கேரன் ஷெல்டன்: ஒரு கல்லூரிப் பயிற்றுநரின் நாற்பத்திரண்டு ஆண்டுகள்

ஹாக்கி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் 1975ஆம் ஆண்டுக்குப் போய்விடுவார்கள். கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில் 2-1 என முன்னிலையில் இருந்த மலேசியா, ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியா சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 3-2 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி நம் நாட்டில் பேசாதவர் இல்லை. இந்தப் பொன்விழா மலருக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது வேறொரு ஹாக்கி வரலாறு. அமெரிக்காவில் ஒரே பல்கலைக்கழகத்தில் நாற்பத்திரண்டு பருவங்கள் பயிற்றுநராக இருந்த ஒரு பெண்மணியின் வரலாறு அது. ஐம்பது ஆண்டுகளைக் கடக்கும் நம் சங்கத்தில், பொறுப்பை இளையவர்களிடம் எப்போது கொடுப்பது என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் எழுகிறது. அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தோம்.

அமெரிக்காவில் ஹாக்கி பெரும்பாலும் பெண்கள் ஆட்டம் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். 1901இல் இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆசிரியை ஹார்வர்டில் இதை ஆடிக் காட்டி, பின்னர் பெண்கள் கல்லூரிகளுக்குச் சென்று கற்றுக்கொடுத்தார். அன்று பிடித்த வேர்தான். கல்லூரிகளுக்கான தேசிய விளையாட்டு அமைப்பு இன்றும் ஆண்களுக்கு ஹாக்கி வெற்றியாளர் போட்டி நடத்துவதில்லை. அரசு நிதி பெறும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1972இல் வந்தபின் பெண்கள் அணிகளுக்குப் பணமும் திடலும் கிடைக்கத் தொடங்கின. நம் வீடுகளில் படிவம் மூன்று வந்ததும் பெண்பிள்ளையின் மட்டை அலமாரி மேல் ஏறிவிடுகிறது. அங்கே அந்த மட்டைதான் பலருக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது.

கேரன் ஷெல்டன் பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் ஆடிப் பெயர் பெற்றவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தும், அமெரிக்கா அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. மறு ஆண்டே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பயிற்றுநரானார். பெண்கள் ஹாக்கிக்கு அந்தத் தேசிய அமைப்பு வெற்றியாளர் போட்டியைத் தொடங்கியதும் அதே 1981இல்தான்.

பயிற்றுநராகிவிட்டாலும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு ஆடினார். தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டு, அமெரிக்க வீராங்கனைகள் கடைசி ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நெதர்லாந்திடம் ஆஸ்திரேலியா தோற்றதால் மூன்றாம் இடத்துக்கு இரு அணிகள் சமமாகின. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து திடலுக்கு வந்து, பெனால்டி அடிகளில் ஆஸ்திரேலியாவை 10-5 என வென்று வெண்கலம் பெற்றார்கள். அதே அணியில் ஆடிய பெத் ஆண்டர்ஸ், ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர். நாட்டுக்காக ஒரே சட்டை அணிந்த இருவரும் கல்லூரிப் பருவத்தில் எதிரெதிர் ஓரங்களில் நின்றார்கள். ஆண்டர்ஸ் முந்திக்கொண்டார், 1982, 1983, 1984 என மூன்று பட்டங்களை வரிசையாக அள்ளினார். ஷெல்டனின் முதல் பட்டம் 1989இல்தான் வந்தது.

1995, 1996, 1997 என மூன்று பட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. அதன்பின் பத்தாண்டு வறட்சி. 2007இலும் 2009இலும் மீண்டும் வென்றார். 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளும் இறுதியாட்டம் வரை போய், மூன்றிலும் 3-2 என்ற ஒரே கணக்கில் தோற்றார். நம் சங்கங்களில் என்றால் இரண்டாம் தோல்விக்கே செயற்குழுவை மாற்றச் சொல்லித் தீர்மானம் வந்திருக்கும்! அந்தப் பல்கலைக்கழகம் அவரை வைத்துக்கொண்டது. 2018, 2019, 2020 மூன்றும் அவருக்கே. புதிய ஹாக்கி அரங்குக்கு 2018இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

2022இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்த அணி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தை 2-1 என வென்றது. ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக மீதமிருந்தபோது வெற்றிக் கோலை அடித்தவர் எரின் மேட்சன். அது ஷெல்டனுக்குப் பத்தாவது பட்டம். ஆண்டர்ஸின் ஒன்பதைத் தாண்டியாயிற்று. 745 வெற்றிகளோடு அடுத்த மாதமே ஓய்வை அறிவித்தார்.

அந்த நாற்காலிக்கு நாடெங்கும் அனுபவசாலிகள் இருந்தார்கள். பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில் நியமித்தது 22 வயது எரின் மேட்சனை. நவம்பரில் ஆட்டக்காரர், ஜனவரியில் தலைமைப் பயிற்றுநர். நேற்றுவரை ஒன்றாக ஓடிய தோழிகளில் யாரை ஆடவிடுவது, யாரை உட்காரவைப்பது என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்களுக்கு இந்த இடம்தான் முக்கியமாகப்படுகிறது. பதவி கொடுப்பதோடு அங்கே நிறுத்தவில்லை. முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். ஆலோசகர் என்ற பெயரில் பழையவர்கள் எல்லாவற்றிலும் தலையிடும் வழக்கத்தை நாம் அறியாதவர்கள் அல்லர்.

அவ்வாண்டு நவம்பரில் இறுதியாட்டம் கேரன் ஷெல்டன் அரங்கிலேயே நடந்தது. எதிரணி மறுபடியும் நார்த்வெஸ்டர்ன். கூடுதல் நேரத்திலும் முடிவு கிடைக்காமல் ஷூட்-அவுட் வரை போய், வட கரோலினா பதினொன்றாவது பட்டத்தைப் பெற்றது. மேட்சனுக்கு அப்போது வயது 23.