தலைப்பிரட்டைகளின் உணவு

தலைப்பிரட்டை என்பது தவளை, தேரை ஆகியவற்றின் நீர்வாழ் இளம்பருவம் ஆகும். முதிர்ந்த தவளைகள் பூச்சி முதலிய சிற்றுயிர்களை உண்பவை. தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை பாசியையும் மட்கிய தாவரப் பொருட்களையும் உண்கின்றன. இவ்வுணவு மெல்லச் செரிப்பதால் அவற்றின் குடல் நீண்டு சுருண்டு காணப்படும். உருமாற்றத்தின்போது குடல் குறுகுகிறது.

வாயமைப்பும் உணவும்

பல இனங்களின் வாயில் கெரட்டினால் ஆன அலகும் நுண்பற்களின் வரிசைகளும் உள்ளன. இவற்றால் கல், இலை ஆகியவற்றின் மீது படியும் பாசியைச் சுரண்டி உண்கின்றன. உணவு முறை இனத்திற்கு இனம் வேறுபடும்.

* தேரையின் கரிய தலைப்பிரட்டைகள் கூட்டமாகத் திரிந்து பாசியையும் மட்கையும் மேய்கின்றன.
* மைக்ரோகைலா இனச் சிறு தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கு நுண்பற்கள் இல்லை. இவை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன.
* இந்தியக் காளைத் தவளையின் தலைப்பிரட்டைகள் ஊன் உண்ணிகள். இவை பிற தலைப்பிரட்டைகளையும் இரையாக்கும்.
* மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைத் தலைப்பிரட்டைகள் உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, விரைந்தோடும் ஓடைகளில் பாசியை உண்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த பூபதி ஊதாத் தவளை, திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து 2017-ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

திருவள்ளூர் மாவட்ட நீர்நிலைகள்

ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகியன இம்மாவட்டத்தின் முக்கிய ஆறுகள். இவற்றில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே மிகுதியாக நீர் ஓடும். மழைக்குப் பின் எஞ்சும் குட்டைகளிலும் ஏரி ஓரங்களிலும் நீர் வற்றுமுன் தலைப்பிரட்டைகள் உருமாற்றத்தை முடித்தாக வேண்டும். ஆகவே உணவு குறைந்து வளர்ச்சி தாமதமானால் அவை மடிய நேரிடும்.

மாசின் தாக்கம்

நீர் மாசு தலைப்பிரட்டைகளின் வாயையே சிதைக்கக்கூடும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் நிலக்கரிச் சாம்பல் படிந்த நீர்நிலைகளில் வாழ்ந்த அமெரிக்கக் காளைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு நுண்பற்கள் குறைந்தோ இல்லாமலோ இருந்தன என்று 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாசி நிறைந்திருந்தும் அவற்றால் அதைச் சரிவர மேய முடியவில்லை. வளர்ச்சியும் குன்றியது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளை அடுத்த நீர்நிலைகளைப் பேணுவதில் இவ்வுண்மை கருத்தில் கொள்ளத்தக்கது.

சூழலியல் பங்கு

பாசியை மேய்ந்து படிவுகளைக் கிளறுவதால் தலைப்பிரட்டைகள் ஓடையின் கற்களைத் தூய்மையாக வைக்கின்றன. பனாமாவில் 2004-இல் பூஞ்சை நோயால் தவளைகள் பெருமளவில் அழிந்த ஓர் ஓடையில், அதன்பின் பாசியும் படிவும் பெருகின.