பாட்டோசெரா

பாட்டோசெரா என்பது செராம்பிசிடே எனப்படும் நீள உணர்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் ஆகும். இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள வெப்பமண்டலப் பகுதிகள் இதன் இயற்கை வாழிடமாகும். தமிழக மாந்தோப்புகளில் தண்டு துளைப்பான் என்று அறியப்படும் பாட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா இப்பேரினத்தைச் சேர்ந்ததே. மா தவிர பலா, அத்தி, இலவம், ரப்பர் முதலிய மரங்களையும் இது தாக்குகிறது.

பெயர்

கிரேக்க மொழியில் 'பாட்டோஸ்' என்பது முட்புதரையும் 'கேராஸ்' என்பது கொம்பையும் குறிக்கும். இவ்வண்டுகளின் உணர்கொம்புகளில் சிறு முட்கள் உள்ளன. லின்னேயசு 1758இல் விவரித்த இனமொன்றின் பெயரான 'ரூபஸ்' என்பதும் இலத்தீனில் முட்புதரே என்பது கவனிக்கத்தக்கது.

வகைப்பாடு

லின்னேயசு காலத்தில் நீண்ட உணர்கொம்புடைய வண்டுகளுள் பெரும்பாலானவை செராம்பிக்ஸ் என்ற ஒரே பேரினத்துள் அடக்கப்பட்டன. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்த, முன்கால்கள் மிக நீண்ட அக்ரோசைனசு வண்டும், ஆசியாவின் ரூபசும் 1758ஆம் ஆண்டு நூலில் அவ்வாறே ஒரு பெயரின் கீழ் நின்றன. இரண்டும் இன்று லேமியினே என்ற துணைக்குடும்பத்தில் உள்ளன. ஆனால் முன்னது அக்ரோசைனினி, பின்னது பாட்டோசெரினி என வெவ்வேறு இனக்குழுக்களில் வைக்கப்படுகின்றன. மா தண்டு துளைப்பானையும் டி கீர் 1775இல் செராம்பிக்ஸ் என்றே விவரித்தார்.

பேரினப் பெயரை உருவாக்கியவர் யார் என்பதில் நூல்கள் மாறுபடுகின்றன. சில 'டெஜான், 1835' என்றும், வேறு சில 'காசுடெல்னோ, 1840' என்றும் தருகின்றன. டெஜான் நெப்போலியனின் படைத்தலைவர்களுள் ஒருவர்; வண்டு சேகரிப்பில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அவர் வெளியிட்டது விளக்கமற்ற பெயர்ப்பட்டியல் மட்டுமே. எனினும் 1931க்கு முந்தைய பேரினப் பெயரொன்று, ஏற்கெனவே முறையாக விவரிக்கப்பட்ட இனத்தைத் தன்னுள் கொண்டிருந்தால், விளக்கம் இல்லாவிடினும் அது செல்லும் என விலங்குப் பெயரீட்டு விதிகள் கூறுகின்றன. எனவே 1835ஐ ஏற்பதே பொருத்தம்.

லேமியினே வண்டுகளின் முகம் செங்குத்தாகக் கீழ்நோக்கி அமைந்திருக்கும்; வாயுறுப்பு உணரிகளின் கடைசிக் கணு கூர்மையாக முடியும். இவை எளிதில் காணத்தக்க அடையாளங்கள். பேரினத்துக்குள் இனங்களைப் பிரிப்பதுதான் கடினம். முன்மார்பின் மேல் இரு பிறைவடிவப் புள்ளிகளும், வன்சிறகுகளில் பல புள்ளிகளும் காணப்படும். உயிருள்ளபோது சிவந்தோ மஞ்சளாகவோ இருக்கும் இப்புள்ளிகள் உலர்ந்த மாதிரிகளில் வெளிறிவிடுகின்றன. நிறத்தை மட்டும் நம்பி இனத்தை முடிவு செய்தால் பிழை நேரும். ஆகவே வன்சிறகின் அடிப்பகுதியிலுள்ள கரிய பருக்கள் எவ்வளவு தொலைவு பரவியுள்ளன, சிறகு நுனி எவ்வாறு முடிகிறது, உணர்கொம்பு முட்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கஹான் 1906இல் எழுதிய பிரித்தானிய இந்திய விலங்குத் தொகுதி இந்திய நீள உணர்கொம்பு வண்டுகளுக்கு இன்றும் அடிப்படை நூலாகும். ஆனால் அதில் லேமியினே இடம்பெறவில்லை. இத்துணைக்குடும்பத்தை அறிய விரும்புவோர், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டு வகைகளுக்குப் பெயரிட்ட ஆஸ்திரியரான பிரொய்னிங்கின் எழுத்துகளைத் தேடவேண்டியுள்ளது.

சரியான அடையாளத்தின் தேவை

சேதம் விளைவிப்பது பெரும்பாலும் புழுவே. கால்களற்ற, வெண்மையான இப்புழு மரத்தைக் குடைந்து பல மாதங்கள் உள்ளேயே வாழ்கிறது. பட்டையிலுள்ள துளையும் கீழே சிதறிய மரத்தூளும் வெளியே தெரியும்போது கிளை வாடத் தொடங்கியிருக்கும். வெவ்வேறு இனங்களின் புழுக்கள் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதால், அவற்றைக் கொண்டு இனத்தை உறுதிசெய்வது எளிதன்று.

மரத்துள் ஒளிந்து கடல் கடப்பதும் இக்குடும்பத்து வண்டுகளின் இயல்பு. மா தண்டு துளைப்பான் மேற்காசியாவை அடைந்து அங்கே அத்தி மரங்களுக்குப் பகையானது. இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த ஆசிய வண்டான அனோப்ளோஃபோரா கிளாப்ரிபென்னிசு 1996இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. சரக்குப் பெட்டி மரங்களுக்கான பன்னாட்டுத் தரம் 2002இல் ஏற்கப்பட்டது. அதன்படி, வெப்பமூட்டும் முறையில் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடங்கள் இருக்கவேண்டும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி ராயபுரம், மூலக்கொத்தளம் பக்கம் வந்துசேரும் பெட்டிப் பலகைகளில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையைக் கண்டால், அது இத்தரத்தின் அடையாளம் என அறியலாம்.