கும்பினி முதல் கம்பெனி வரை: ஒரு சொல்லின் நானூறு ஆண்டுகள்

அரசர்களின் வரலாற்றைக் கல்லிலும் செம்பிலும் தேடலாம். சொல்லின் வரலாற்றை மக்கள் வாயில்தான் தேட வேண்டும். கவரைப்பேட்டை இரயில் நிலையத்தில் காலை வேளையில் வண்டிக்குக் காத்திருப்போரை எங்கே செல்கிறீர்கள் என்று வினவினால், 'கம்பெனிக்கு' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் விடையாகக் கிட்டும். ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ சொல்வார் அரியர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் இடமும் கம்பெனி. உந்து வண்டிகளின் உறுப்புகளைச் செய்யும் இடமும் கம்பெனி. இவ்வொரு சொல் தமிழ் மண்ணில் ஏற்ற பொருள்கள் எத்தனை, அவற்றுள் மனிதனுக்குக் கிடைத்த இடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் 'கோம்' என்பது உடன் என்றும், 'பானிஸ்' என்பது ரொட்டி என்றும் பொருள்படும். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்போர் தோழர் ஆயினர். தோழர் கூட்டம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கம்பெனி' ஆயிற்று. எனவே, இச்சொல்லின் வேரில் இருப்பது பணம் அன்று, பந்தி. 'ஒரு கம்பெனிக்கு வாயேன்' என்று நண்பனைத் துணைக்கு அழைக்கிறோமே, அந்தப் பேச்சு வழக்கு தன்னையறியாமலே இச்சொல்லின் மூலப்பொருளைத் தொட்டு நிற்கிறது.

கூட்டு வணிகம் தமிழர்க்குப் புதியதன்று. வணிகக் கூட்டத்தைச் 'சாத்து' என்றனர் பண்டையோர். கோவலன் தந்தை மாசாத்துவானின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகிறது. 'ஐந்நூற்றுவர்' என்பது உயர்திணைப் பலர்பால் பெயர் என்பது நோக்கத்தக்கது. குழுவின் பெயரிலேயே மனிதர் இருந்தனர்.

கும்பினியார்

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, கடற்கரையில் உள்ளது பழவேற்காடு. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் அங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. பழவேற்காட்டிலிருந்து துணி மூட்டைகள் கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் அதே துறையிலிருந்து கப்பலேறினர். ரொட்டியைப் பகிர்வோர் என்று தொடங்கிய சொல் நம் கரைக்கு வந்தபோது, மனிதனையே சரக்காகக் கணக்கெழுதும் அமைப்பின் பெயராகிவிட்டது.

1600இல் இலண்டனில் பிறந்த ஆங்கிலக் கம்பெனி 1639இல் சென்னையில் கால்கொண்டது. அக்கால ஆங்கிலத்தில் 'பாக்டரி' என்றால் எந்திர ஆலை அன்று. முகவர்கள் தங்கிச் சரக்கு வாங்கிச் சேர்த்த பண்டகசாலை. அன்று அவர்கள் வணிகமனையைப் 'பாக்டரி' என்றனர். இன்று நாம் எந்திர ஆலையைக் 'கம்பெனி' என்கிறோம். இரு சொற்களும் தத்தம் இடத்தை மாற்றிக்கொண்ட விந்தை இது.

தமிழ் நாவில் இச்சொல் 'கும்பினி' ஆயிற்று. ஊரார், நாட்டார் என்பன போலக் 'கும்பினியார்' என்று மரியாதைப் பன்மையும் பெற்றது. கட்டபொம்மன் கதைப்பாடல்களில் பாளையக்காரரை எதிர்த்து நிற்பவர் இக்கும்பினியாரே. கண்காணாத பங்குதாரர் கூட்டம் ஒன்று வரி கேட்டது, படை அனுப்பியது, தூக்கிலிட்டது. அதனை ஓர் ஆளாக உருவகித்தால் அன்றி மக்களால் பேச இயலவில்லை. சட்டமும் ஏறத்தாழ அதையே செய்கிறது. பதிவு பெற்ற கம்பெனி சட்டத்தின் முன் ஒரு செயற்கை மனிதன். அது சொத்து வைத்துக்கொள்ளும், வழக்காடும், கலைக்கப்படும்போது மறையும். 1858இல் ஆட்சியை இழந்த கும்பினி, 1874இல் கலைக்கப்பட்டது.

பகைவனின் சொல்லை எடுத்தவர்

வ.உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். தலைவராக இருந்தவர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் என்பதை இலக்கியம் பயில்வோர் மறத்தல் ஆகாது. தமிழ் வளர்த்த கையே கம்பெனியின் கணக்கேட்டிலும் ஒப்பமிட்டது. எதிரில் நின்றதும் ஒரு கம்பெனி: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அடக்கியாண்ட சொல்லையே விடுதலைக்குக் கருவியாக்கினார் சிதம்பரனார். 1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். 1911இல் அக்கம்பெனி மூடப்பட்டது. ஆயினும், கம்பெனி என்பது நாமும் கூடி நடத்தக்கூடிய ஒன்று என்னும் எண்ணம் தமிழில் வேரூன்றிவிட்டது.

கம்பெனி வீடு

இச்சொல் தன் பழம்பொருளுக்கு மிக அருகில் வந்தது நாடக மேடையில்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த குழுவின் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெயரில் 'சபை' இருப்பினும், இத்தகைய குழுக்களை மக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்றே வழங்கினர். பாலாமணி அம்மையார் கும்பகோணத்தில் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். நடிகர்கள் சேர்ந்து தங்கிய இடம் 'கம்பெனி வீடு' எனப்பட்டது. அங்கே ஒரே உலை, ஒரே பந்தி. அடியும் பட்டினியும் கலந்த வாழ்வுதான் எனினும், பாடமும் சோறும் பகிரப்பட்டன. தமிழர் அறிந்த 'செஞ்சோற்றுக் கடன்' அங்கே இச்சொல்லோடு கைகோத்தது.

இன்றைய வழக்கு

இனி நம் தொழிற்பேட்டைக்கு வருவோம். 'பையன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்' என்று ஒரு தாய் பூரிப்பதை இப்பகுதியில் அடிக்கடிக் கேட்கலாம். ஆயின், அப்பையன் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பின், அவனுக்குக் கூலி வழங்குபவர் ஒப்பந்தக்காரர்; ஆலையை நடத்துவோரைச் சட்டம் 'முதன்மை வேலையளிப்பவர்' என்று வேறாகச் சுட்டும். 1970இல் இயற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இவ்வேறுபாட்டின் மேல்தான் எழுந்தது. அவன் நாவில் 'எங்கள் கம்பெனி'. கம்பெனியின் ஊழியர் பட்டியலிலோ அவன் பெயர் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்போர் நிலையும் பெரும்பாலும் இதுவே. தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் பேசுவோர்க்கு இங்கே மொழிபெயர்ப்பின்றி விளங்கும் சொற்களுள் ஒன்று கம்பெனி. சொல் பொதுவாயிற்று, உரிமை பொதுவாகவில்லை.

'நிறுமம்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு. வணிகவியல் பாடநூலிலும் சட்ட ஆவணத்திலும் அதுவே நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாட்டின் நிலை வேறு. இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஒருவனை 'நிறுமத்திலிருந்து வருகிறான்' என்று எழுதினால் சொல் தூயதாகும். பழவேற்காட்டுக் கப்பலும் கும்பினியார் வரியும் சிதம்பரனார் பங்குச் சீட்டும் கம்பெனி வீட்டுப் பந்தியும் அவ்வரியிலிருந்து உதிர்ந்துபோகும். அந்நியச் சொல் என்று அதனை விலக்குமுன், நானூறு ஆண்டுத் தமிழர் பட்டறிவு அதில் ஏறியிருப்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எங்குக் கம்பெனி என்று கேட்டாலும், அதன் பந்தியில் யாருக்கு இலை போடப்பட்டது, யார் வாசலில் நிற்கிறார் என்று வினவுவதே இச்சொல்லை அறிந்து ஆள்வதாகும்.

பத்தாண்டுகளாகக் கூடிப் படித்து, கூடி விவாதித்து வரும் நம் வட்டமும் மூலப்பொருளில் ஒரு கம்பெனிதான். இங்குப் பகிரப்படுவது சொல். அதில் எல்லார்க்கும் பங்கு உண்டு. தொழிற்பேட்டை வாயிலில் நிற்பவனுக்கும் ஒரு பங்கு வைப்போமாயின், அடுத்த பத்தாண்டும் நம் பாட்டு வளம் பெறும்.