நெகிழித்தாள் குட்டை

நெகிழித்தாள் குட்டை என்பது, தோண்டிய பள்ளத்தில் நீர் புகாத, வளையும் தன்மையுள்ள தாளை விரித்து நீரைத் தேக்கும் அமைப்பு ஆகும். வீட்டுத் தோட்டங்களில் அல்லியும் மீனும் வளர்க்கும் சிறு குளமாகவும், வேளாண் நிலங்களில் பண்ணைக்குட்டையாகவும் இது அமைக்கப்படுகிறது. களிமண் மிகுந்த ஊர்களில் இதன் தேவை குறைவு. நீரை விரைவாக உறிஞ்சும் மண்ணிலும் சரிவான நிலத்திலுமே இது பெரிதும் பயன்படுகிறது. நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை அத்தகைய இடங்களுள் ஒன்று.

கொல்லிமலைச் சூழல்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கொல்லிமலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கு செல்லவேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இம்மலைக்குக் கிடைக்கின்றன. எனினும் பெய்யும் நீர் நெடுநேரம் தங்குவதில்லை. ஒரு பகுதி அய்யாற்றில் சேர்ந்து ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிவுகள் காணப்படுகின்றன. இவற்றைச் சார்ந்த செம்பாறை மண் துளைகள் மிகுந்தது. எனவே மழைக்காலத்தில் நிரம்பும் வெறும் மண்குழி கோடையில் மிளகு நாற்றுக்கோ காய்கறிப் பாத்திக்கோ உதவுவதில்லை.

தாள் வகைகள்

கட்டடங்களில் விரிக்கப்படும் மெல்லிய பாலித்தீன் தாள் வெயிலில் விரைவில் வெடித்துவிடும். பண்ணைக்குட்டைகளுக்குப் பொதுவாக 500 மைக்ரான், அதாவது அரை மி.மீ. தடிமனுள்ள தாள் பயன்படுகிறது. பின்னிய உயரடர்த்திப் பாலித்தீன் தாளுக்கு ஐ.எஸ். 15351 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. தோட்டக் குளங்களுக்கு ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பர் தாள் மிகச் சிறந்தது. மூலைகளில் எளிதில் மடியும், நெடுங்காலம் உழைக்கும். ஆனால் விலை அதிகம்.

அளவு கணக்கிடுதல்

தாளின் நீளம் = குட்டையின் நீளம் + (2 × ஆழம்) + (2 × கரையில் மடிக்கும் அளவு). அகலத்திற்கும் இதே கணக்கு பொருந்தும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழமுள்ள குட்டைக்குக் கரையில் 0.3 மீட்டர் விட்டால் 5.8 × 4.8 மீட்டர் தாள் வேண்டும். பக்கங்கள் சரிவாக இருந்தால் இதைவிடச் சற்றுக் குறைவாகவே செலவாகும்.

தாள் கசிவை மட்டுமே தடுக்கிறது, ஆவியாதலைத் தடுப்பதில்லை. நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாவதாகக் கொண்டால் மேற்கூறிய குட்டை 100 நாட்களில் அரை மீட்டர் நீரை இழக்கும். எஞ்சுவது 10 செ.மீ. மட்டுமே. ஆகவே கோடைக்கு நீர் சேமிக்க விரும்புவோர் பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டவேண்டும்.

அமைக்கும் முறை

மலைச்சரிவில் கரையின் மட்டமே முதன்மையானது. 4 மீட்டர் நீளத்தில் ஒரு முனை 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலும் அந்த அளவு நீர் வழிந்துவிடும். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய மட்டக் குழாயே இதனைச் சரிபார்க்கப் போதுமானது. பள்ளத்தின் கீழ்ப்புறக் கரையை அடுக்கடுக்காக மண்ணிட்டு இடிக்கவேண்டும். தாள் கரைக்கு வலிமை தருவதில்லை என்பதால், வீடுகளுக்கு நேர் மேலே குட்டை அமைப்பது ஆபத்தானது.

ஊற்று உள்ள இடத்தைத் தவிர்க்கவேண்டும். அடியில் ஊறும் நீர் தாளைக் கொப்புளம்போல் மேலே தூக்கிவிடும். மேட்டுப்புறத்தில் சிறு வாய்க்கால் வெட்டி, ஓடிவரும் சேற்றுநீரை விலக்கிவிடுவது நன்று. பின்னர் கல், வேர் முதலியவற்றை அகற்றி 5 செ.மீ. மணலோ பழைய சாக்குகளோ பரப்பப்படும். தாளை இழுத்துக் கட்டாமல் தளர்வாக விரித்து, நீரைச் சிறிது சிறிதாக நிரப்பவேண்டும். நீரின் எடையே தாளைப் பள்ளத்தில் படியவைக்கும். ஓரங்கள் இறுதியில்தான் வெட்டப்படும். முதலிலேயே வெட்டிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். வெட்டிய ஓரத்தைக் கரையைச் சுற்றிய பள்ளத்தில் புதைத்து, வெயில் படாதவாறு மண்ணும் கல்லும் இட்டு மூடவேண்டும்.

பாதுகாப்பு

ஈரமான தாளில், குறிப்பாகப் பாசி படிந்தபின், கால் ஊன்ற இயலாது. நீச்சல் தெரிந்தவரும் சரிவில் ஏற முடியாமல் தவிப்பர். நெகிழித்தாள் பண்ணைக்குட்டைகள் பெருமளவில் உள்ள மகாராட்டிரத்தில் குழந்தைகளும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய பெற்றோரும் மூழ்கி இறந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. சுற்றுவேலி, கரையில் கட்டி நீருக்குள் தொங்கவிடப்பட்ட முடிச்சுக் கயிறுகள், மணல் மூட்டைப் படிகள் ஆகியவற்றின் செலவு தாளின் விலையோடு ஒப்பிடச் சிறிதே. இவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிவைக்கக்கூடாது. வேலி, குளம்பால் தாளைக் கிழிக்கும் கால்நடைகளையும் காட்டுப்பன்றிகளையும் தடுக்கும்.

உயிரினங்கள்

அல்லியைத் தொட்டியில் நட்டு நீருக்குள் இறக்குவதே முறை. மூங்கில், கோரை ஆகியவற்றின் கூர்முனைகள் தாளைத் துளைக்கும். தட்டான்பூச்சியின் இளம் உயிரிகளும் சிறு மீன்களும் கொசுப்புழுக்களை உண்ணும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எந்த அயல் மீனாயினும், நிரம்பி வழியும் நீரோடு ஓடையில் கலந்துவிடாதபடி வடிகாலில் வலை கட்டவேண்டும்.

பழுது

நீர்மட்டம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த மட்டத்திலேயே உள்ளது எனக் கொள்ளலாம். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, அதே வகைத் தாளின் துண்டை ஒட்டவேண்டும். பாலித்தீனில் சாதாரணப் பசை பிடிக்காது; வெப்பத்தால் உருக்கியே ஒட்டவேண்டும். பயனற்றுப்போன தாளை எரித்தலோ ஓடையில் எறிதலோ கூடாது. மறுசுழற்சிக்காக மலையிலிருந்து கீழே கொண்டுசெல்ல வேண்டும்.