ஜொகூர்த் தோட்டத் தமிழரும் காட்டிறைச்சியும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கூலி, தொழிற்சங்கம், பள்ளி, கோயில் ஆகியவற்றை விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். தோட்டத் தொழிலாளி எதை உண்டார் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. அணில், உடும்பு, பழந்தின்னி வௌவால், காட்டுப்பன்றி ஆகியவற்றை உண்டது குறித்து ஜொகூர்த் தோட்டங்களில் முதியோரை நாம் வினவியபோது, ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்திய பின்னரே சிலர் வாய் திறந்தனர். இவ்வுணவைக் கீழ்மையின் அடையாளமாகக் கருதும் மனப்பான்மையே இத்தயக்கத்திற்குக் காரணம் எனலாம். அம்மனப்பான்மைக்கு வரலாற்றில் இடமில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர், நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியலைச் சோற்றுடன் அளிக்கின்றனர். அங்கு அது விருந்து. அணிலின் நிலை சற்று வேறு. தமிழகத்து அணிலின் முதுகிலுள்ள மூன்று கோடுகளை இராமனின் விரல் பட்ட தடமென மக்கள் கூறுவர். மலாயாத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் அணிலுக்குக் கோடுகள் விலாவில்தான் உண்டு; வயிறு செந்நிறம். செம்பனைப் பழத்தையும் கொக்கோக் காயையும் கொறித்துக் கெடுக்கும் அதனைப் பிடிக்கப் பழைய கதை தடையாக இருந்திராது என்பது நம் எண்ணம்.

ஆயினும் மரபு மட்டுமே காரணமன்று. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் இவ்வரவு குலைந்தது. இரப்பர் வாணிகமும் வீழ்ந்தது. ஆடவர் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோர் மரவள்ளிக்கிழங்கைக் கொண்டே உயிர் காத்தனர். புரதம் குன்றிய அவ்வுணவுக்குத் துணையாக, கண்ணியிலும் உண்டிவில்லிலும் அகப்பட்டது எதுவாயினும் கறியாயிற்று. உரோமத்தைத் தீயில் பொசுக்கி, மஞ்சளும் மிளகும் மிகுத்துச் சமைத்ததை முதியோர் நினைவுகூர்ந்தனர்.

1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரண தண்டனை வரை விதிக்க இயன்றது. தொழிலாளர் குடியிருப்புகள் பல முள்வேலிக்குள் அடைபட்டன. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் நண்பகற் சோற்றைக்கூட வேலைக்கு எடுத்துச் செல்ல இயலவில்லை. காட்டோரம் நடமாடுவதே ஐயத்திற்கு இடமளித்தது. 1960இல் அவசரகாலம் முடிவுற்ற பின்னரே கண்ணிகள் அச்சமின்றி வைக்கப்பட்டன.

குளுவாங் நகரின் பெயரே பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அதன் இறைச்சி இரைப்பு நோய்க்கு மருந்து என்னும் நம்பிக்கை தமிழகத்திலும் உண்டு. அதற்கு மருத்துவச் சான்று இல்லை. 1998-1999இல் பன்றிப் பண்ணைகள் வழியே பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரை மாய்த்த நிப்பா கிருமியின் இயற்கை உறைவிடம் இவ்வௌவாலே எனப் பின்னர் கண்டறியப்பட்டது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இதுவும் உடும்பும் பாதுகாப்புப் பெற்றவை.

ஆனால் நாம் கண்ட முதியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தியது சட்டத்திற்கு அஞ்சியன்று. அடுத்த அறையில் இருந்த பேரப்பிள்ளைகளின் செவியில் விழுந்துவிடுமே என்றுதான்.